சத்துவாச்சாரி பக்கம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கற லேப்: டெஸ்ட் ஓகே, பேக்கேஜ் வேணாம்

லேப் பேர் போடல, சத்துவாச்சாரிக்காரங்களுக்கு புரிஞ்சிடும். எனக்கு ஹாஷிமோட்டோ, அதாவது நம்ம உடம்பே நம்ம தைராய்டை அடிக்கற கேஸ், அஞ்சு வருஷமா மாத்திரை. டோஸ் மாத்தினா ஆறு எட்டு வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் (தைராய்டு ஒழுங்கா இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்) பாக்கணும், அதுக்காக ஒவ்வொரு தடவையும் இந்த வேலூர் வெயில்ல பஸ் ஏறி டோக்கன் போட்டு உக்கார முடியாம இவங்கள கூப்பிட ஆரம்பிச்சேன்.

ரத்தம் எடுக்க வர்ற தம்பி தங்கம். ஆறு மணின்னா ஆறு மணி. எனக்கு நரம்பே கிடைக்காது, வேற எடத்துல நாலு குத்து குத்தி கை நீலமா போயிருக்கு, இந்த தம்பி எடது கைய தொங்கப்போட சொல்லி ரெண்டு நிமிஷம் தடவிப் பாத்துட்டு ஒரே குத்துல எடுத்துட்டாரு. அதவிட ஒண்ணு கேட்டாரு பாருங்க, "அக்கா முடி கொட்டறதுக்கு எதுனா மாத்திரை சாப்டறீங்களா, அதுல பயோட்டின்னு ஒரு விட்டமின் இருந்தா ரிசல்ட் தப்பா காட்டும்"னு. சாப்டுகினுதான் இருந்தேன். ரெண்டு நாள் நிறுத்திட்டு கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு ஊசி போடாமலே கெளம்பிட்டாரு, வந்ததுக்கு காசும் வாங்கல. இத்தன வருஷத்துல இத ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல.

இப்ப குறைக்கு வரேன். மறுபடி புக் பண்ண ஃபோன் போட்டப்ப எடுத்த பொண்ணு, "மேடம் உங்களுக்கு ஏற்கனவே ஆட்டோஇம்யூன் இருக்கு, இன்னொண்ணு வர சான்ஸ் ஜாஸ்தி, ஃபுல் பேக்கேஜ் பண்ணிடுங்க"ன்னாங்க. என் சித்திக்கு முடக்குவாதம், அதுவும் நம்ம உடம்பே நம்ம மூட்ட அடிக்கற ஆட்டோஇம்யூன் வகைதான். வாசல்ல உக்காந்து பூ கட்டினவங்க கடைசியில நார் கூட புடிக்க முடியாம வெரல் கோணிப்போச்சு. எனக்கும் அப்போ காலையில வெரல் மடக்க கஷ்டமா இருந்துச்சா, பயத்துல சரின்னுட்டேன், 2,400 ரூபா.

ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்ல ரிப்போர்ட். ஏஎன்ஏ, அதான் ஆட்டோஇம்யூன் இருக்கான்னு பாக்கற ஒரு டெஸ்ட், வீக் பாசிட்டிவ்னு (லேசா பாசிட்டிவ்) செவப்பு எழுத்துல, விளக்கம் ஒரு வரி இல்ல. கூகுள் பண்ணா லூபஸ்னு வருது, உடம்பு பூரா பாதிக்கற இன்னொரு ஆட்டோஇம்யூன் நோய். ஃபோன் பண்ணா எடுக்கல. தூக்கமே இல்ல, மாமியார் எழுந்து வந்து "இன்னாமா ஆச்சு"ன்னு கேட்டதுக்கு அழுதுட்டேன்.

டாக்டர் பாத்துட்டு சிரிக்கவே சிரிச்சிட்டாரு. வீக் பாசிட்டிவ் ஒண்ணுமே இல்லாத ஆளுங்களுக்கும் வரும், தைராய்டு ஆன்டிபாடி இருக்கறவங்களுக்கு இன்னும் சகஜம், மூட்டு வீக்கம், மொகத்துல தடிப்பு, வாய்ப்புண்ணுன்னு எதுவும் இல்லாம இந்த டெஸ்ட்ட எடுத்ததே தப்புன்னாரு. டிஎஸ்ஹெச் 9, ஜாஸ்தியா இருந்துச்சு, வெரல் வலி அதனாலயும் இருக்கலாம்னு மாத்திரைய 50லேர்ந்து 75 ஆக்கினாரு. ஆன்டி டிபிஓ, அதான் தைராய்டு ஆன்டிபாடி டெஸ்ட், அதுவும் ஒரு தடவ பாசிட்டிவ்னா போதுமாம், பேக்கேஜ்ல அத திரும்ப எடுத்தது தண்டச்செலவு. பி12 மட்டும் பாத்தது நல்லதுன்னாரு, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது கொறைய வாய்ப்பு இருக்காம்.

ஏழு வாரம் கழிச்சு அதே தம்பிய கூப்பிட்டு வெறும் டிஎஸ்ஹெச் மட்டும் எடுத்தேன், 250 ரூபா, 3.1னு நார்மலா வந்துச்சு. வெரல் இப்ப பரவால்ல. சித்தி நெனப்பு வர்றப்ப மட்டும் ஒருவாட்டி மடக்கிப் பாத்துக்கறேன், அது போகல.

ஃபோன்ல பேக்கேஜ்னு ஆரம்பிச்சா டாக்டர் சீட்டுல உள்ளது மட்டும் போதும்னு சொல்லிடுங்க, அதுக்கு மேல வற்புறுத்தல. அப்பறம் தைராய்டு மாத்திரைய ரத்தம் எடுத்தப்பறம் போட்டுக்கலாம், மாத்திரை போட்டு அரை மணியாவது கழிச்சுதான் காபி. தம்பிகிட்ட சில்லறை இருக்காது, ஜிபே பண்ணிடுங்க.