ரேடார் வண்டி எர்த் பழுதைக் கண்டுபிடிக்காது: 85,000 ரூபாய் போச்சு

மண்ணுக்குள் புதைத்த எர்த் பட்டை எங்கே அறுந்திருக்கிறது என்று ரேடாரில் பார்க்கக் கொடுத்தது 85,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரிப்போர்ட்டில் சிவப்பு வட்டம் போட்ட மூன்று இடத்தையும் தோண்டியாச்சு. மூன்றிலும் 50×6 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை முழுசாக இருக்கிறது!

இடம் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண், ஒரு மில்லின் 11 கே.வி. யார்டு (மின் சாதனங்கள் நிற்கும் முற்றம்). தோண்டாமலே அறுந்த இடத்தைக் காட்டுகிறோம் என்று வந்தது, வண்டியைத் தள்ளி மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ஒரு ரேடார் சர்வே நிறுவனம். நம்ப வைத்தது ஒரே ஒரு டெமோ. கேட் அருகே மணல் நிரப்பிய இடத்தில் வண்டியைத் தள்ளினார்கள். தண்ணீர்க் குழாய் கவிழ்த்த வில் மாதிரி திரையில் பளிச்சென்று விழுந்தது. அங்கேயே ஒர்க் ஆர்டர் கையெழுத்தானது.

மணல் வேறு, கரிசல் வேறு. ஈரக் கரிசல் ரேடார் அலையைக் குடித்துவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா காய்ந்த மணலில் 2 மீட்டர் வரை பார்க்கும். ஈரக் கரிசலில் அரை மீட்டருக்கே திண்டாட்டம். பட்டை கிடப்பதோ 600 மி.மீ. ஆழத்தில். உப்பும் கரியும் கொட்டிய எர்த் குழியைச் சுற்றி இன்னும் மோசம். பட்டை தெரிந்தாலும் பயனில்லை. வெல்டிங் விட்ட இடைவெளி 2, 3 மி.மீ. இருக்கும், மண்ணுக்குள் அந்த அலையின் நீளம் 10 செ.மீ.க்கு மேல். துரு தின்ற ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்டும் திரையில் ஒன்றுதான். இரும்பு எங்கே ஓடுகிறது என்று காட்டும், அதில் கரன்ட் போகுமா என்று சொல்லாது. இது அவர்களுக்குத் தெரியாதா?

போன் போட்டால் முதலில் "மண்ணு ஈரமா இருந்துச்சு சார்". அப்புறம் "ரிப்போர்ட் போட்ட இன்ஜினியர் வேற சைட்ல இருக்காரு". கடைசியில் "பாதி ரேட் குடுங்க, மறுபடி ஸ்கேன் பண்ணிரலாம்". மண் ஈரமென்று 85,000 வாங்கும்போதே ஏன் சொல்லவில்லை?

பழுது சிக்கியது மிகச் சின்ன மின்தடையை அளக்கும் மைக்ரோ ஓம் மீட்டரில். நல்ல ரைசர் (புதைத்த பட்டையிலிருந்து தரைக்கு மேலே வரும் இணைப்பு) ஒன்றை ஆதாரமாக வைத்து, 10 ஆம்பியர் விட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அளந்தால் போதும். எல்லாம் 10 மில்லி ஓமுக்குள். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் ரைசர் ஒன்று மட்டும் 180 மில்லி ஓம். தரைக்கு ஒரு சாண் கீழே போல்ட் ஜாயின்ட் துருவாக உதிர்ந்து கிடந்தது. நியூட்ரலின் இன்னொரு எர்த்தும் விட்டிருந்தால், எர்த் ஃபால்ட்டில் (கரன்ட் தரைக்குப் பாயும்போது) சப்ளையைத் துண்டிக்க வைக்கும் ரிலே எடுக்காது. உயிர் போகிற விஷயம்.

ரேடாரைக் கூப்பிடப் போகிறவர்கள் டெமோவை உங்கள் யார்டு மண்ணிலேயே, தெரிந்த பட்டை மேலேயே கேளுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் மேல் ஓட்ட விடாதீர்கள், கம்பிவலைதான் தெரியும். தோண்டிப் பார்க்காமல் முழுப் பணம் தராதீர்கள். டிராயிங் இல்லாத பழைய யார்டு, காய்ந்த மணல் மண் என்றால் பட்டை போகும் வழி பார்க்க ரேடார் உதவும், அவ்வளவுதான்.

85,000-க்கான பில் கையில் இருக்கிறது. இன்று காலையிலிருந்து ரேடார்காரர்கள் போனையும் எடுப்பதில்லை.