பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ்: தோற்றுக்கொண்டே இருந்த டீமின் ரசிகன் எழுதும் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலரை. பாக்கி அரையை ஏன் கையில் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்கிறவர்களுக்கு இந்த இணையதளத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக: 2004-இல் ஜஸ்டின் குபாட்கோ என்பவர் தொடங்கியது. லீக் பிறந்த 1946-லிருந்து நேற்று நடந்த ஆட்டம் வரைக்கும் யார் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), எந்த வருடம் யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள், எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கிறது. காசு கிடையாது. சிக்கலான தேடல்களுக்கு ஸ்டாட்ஹெட் என்று ஒரு கட்டணச் சந்தா வைத்திருக்கிறார்கள், பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கும் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் அது வேண்டியிருக்கலாம், என்னைப் போலக் காலையில் காபியோடு உட்கார்ந்து சண்டைக்கு ஆதாரம் தேடுகிறவனுக்கு இலவசமே தாராளம். பழைய காலத்துக்குப் போனால் சில கட்டங்கள் காலியாக இருக்கும், அது தளத்தின் குற்றமில்லை. எதிராளி எறிவதைத் தடுக்கிற பிளாக், பந்தைப் பறிக்கிற ஸ்டீல் இரண்டையும் லீக்கே 1973-74-இல்தான் எண்ண ஆரம்பித்தது. பதினோரு சாம்பியன்ஷிப் வென்ற பில் ரஸ்ஸலின் பக்கத்தைத் திறந்தால் பிளாக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் டீம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2004-இல் ஷாக், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நட்சத்திரக் கூட்டமாக வந்த லேக்கர்ஸை 4-1 என்று அடித்து அனுப்பினார்களே, அப்போது ஒட்டிக்கொண்டது. என் பெரியப்பா மகன், என்னைவிட நான்கு வயது பெரியவர், பாஸ்டன் ரசிகர். இருபது வருடமாக இந்தச் சண்டை ஓடுகிறது. அதில் கடைசிப் பதினைந்து வருடம் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

2023-24 சீசன் நினைவிருக்கிறதா? 2-1 என்று ஆரம்பித்தோம். அப்புறம் வரிசையாக 28 தோல்வி. ஆறு வருடத்துக்கு ஏழே முக்கால் கோடி டாலருக்கு மேல் கொடுத்து மாண்டி வில்லியம்ஸைக் கோச்சாகக் கொண்டுவந்த அதே வருடம். டிசம்பர் 26-ஆம் தேதி புரூக்ளினிடம் தோற்றது 27-வது, ஒரே சீசனில் வரிசையாக அத்தனை தோல்வி அதுவரை யாருக்கும் இல்லை. அந்த ஆட்டத்தில் எங்கள் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி அடித்தான். ஸ்கோர் 118-112. அண்ணனிடமிருந்து மெசேஜ்: "தம்பி, 41 அடிச்சும் தோக்குறான்னா அவன் அடிச்சதுக்கு என்னடா மதிப்பு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய பாஸ்டனோடுதான் ஆட்டம். நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. அவர்கள் ஊரிலேயே 21 புள்ளி முன்னிலை எடுத்துவிட்டோம், எழுந்து போய் இரண்டாவது காபி போட்டுக்கொண்டு வந்தேன், அது ஆறுவதற்குள் முன்னிலை கரைந்துபோய், எக்ஸ்ட்ரா டைமில் 128-122 என்று தோற்று 28 ஆனது. அன்று ஆபீசுக்குப் போகும் வழியில் முடிவு செய்துவிட்டேன், கேடை விற்றுவிட வேண்டியதுதான், புது ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்து எடுக்கிற டிராஃப்டில் 2021-இல் முதல் ஆளாக எடுத்தவனாக இருந்தால் என்ன, இன்னும் விலை இருக்கும்போதே தள்ளிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம் என்று. வீட்டுக்கு வந்து, என்ன விலை போவான் என்று பார்க்கத்தான் இந்தத் தளத்தை உருப்படியாக முதல்முறை தோண்டினேன். அதுவரை புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (கூடையில் விழுந்த பந்துக்கு முந்தைய பாஸ்) தாண்டி நான் போனதே இல்லை.

ஆட்டக்காரன் பக்கத்தில் கீழே இறங்கினால் அட்வான்ஸ்டு என்று ஓர் அட்டவணை. பிஇஆர், வின் ஷேர்ஸ், பிபிஎம், விஓஆர்பி என்று வரிசையாக நிற்கும். பிஇஆர் ஜான் ஹோலிங்கர் கண்டுபிடித்தது, லீக் சராசரி எப்போதும் 15. நிறைய எறிகிறவனுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டும். பிபிஎம் என்பது 100 பொசெஷனுக்கு (பந்து டீமின் கையில் வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) ஒருவன் சராசரி ஆளைவிட எத்தனை புள்ளி கூடவோ குறைவோ என்கிற கணக்கு, சராசரி பூஜ்யம். விஓஆர்பி அதையே இன்னும் கீழே கொண்டுபோகிறது: குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற ஓர் ஆள் இருப்பான் இல்லையா, அவனுக்கு -2 என்று வைத்துக்கொண்டு, உன் ஆள் அவனைவிட எவ்வளவு மேல் என்று கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி லீக் தலைகுனியும்.

ஆனால் எனக்குக் கண் திறந்தது அந்த அட்டவணையில் இல்லை. டீம் பக்கத்தில் லைன்-அப் என்று ஒரு சுட்டி இருக்கிறது. எந்த ஐந்து பேர் சேர்ந்து எத்தனை நிமிடம் ஆடினார்கள், அந்த நேரத்தில் எதிராளியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும். கேடோடு நிற்கிற நால்வரின் பெயரை ஒவ்வொன்றாக எடுத்து, அவரவர் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எத்தனை எறிகிறார்கள், எத்தனை விழுகிறது என்று ஒரு பழைய டைரியில் குறித்தேன். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, வீட்டில் திட்டு. குறித்து முடித்ததும் படம் கண்ணுக்குத் தெரிந்தது: கேட் உள்ளே நுழைகிறான், எதிராளிகள் மூன்று பேர் அவன் மேலே விழுகிறார்கள், ஏனென்றால் மூலையில் நிற்கிற நம் ஆளை விட்டுவிட்டு வந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த வருடம் மூன்று புள்ளி போடுவதில் லீக்கின் கடைசி வரிசைகளில் ஒன்று நாங்கள். கில்லியன் ஹேய்ஸை ஸ்டார்ட்டராக வைத்துக்கொண்டு ஜேடன் ஐவியைப் பெஞ்சில் உட்கார வைத்ததெல்லாம் தனிக் கொடுமை. பூட்டிய அறைக்குள் நின்றுதான் அவன் 41 அடித்திருக்கிறான்.

கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவருடைய நாலு அம்சம் என்று ஒன்று, ஒவ்வொரு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் எண் அட்டவணை) பக்கத்திலும் மேலேயே சின்னதாக இருக்கும்: எறிந்தது எவ்வளவு திறமாக விழுந்தது, பந்தை எவ்வளவு தொலைத்தாய், தவறியதை எவ்வளவு பொறுக்கினாய், ஃப்ரீ த்ரோ எவ்வளவு வாங்கினாய். ஆலிவர் கொடுத்த எடையில் முதலாவதுக்கு மட்டும் நூற்றுக்கு நாற்பது. நிறையப் பேர் இதைத் தாண்டி நேராக யார் டாப் ஸ்கோரர் என்று பார்க்கப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். தோற்கிற டீமின் நோய் அந்த நாலு எண்ணில்தான் முதலில் தெரியும்.

இந்தத் தளத்தில் நான் அடிக்கடி போய்ப் பார்க்கிற பக்கம் பென் வாலஸுடையது. கோயிலுக்குப் போகிற மாதிரி. 1999-2000-இல் ஆர்லாண்டோவில் சராசரி 4.8 புள்ளி, 8.2 ரீபவுண்ட். அடுத்த கோடையில் எங்கள் நட்சத்திரம் கிராண்ட் ஹில், ஆட்டத்துக்கு 25.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவன், ஆர்லாண்டோ போகிறேன் என்று கிளம்பிவிட்டான். ஒப்பந்தம் போட்டு உடனே வேறு டீமுக்கு மாற்றிவிடுகிற சைன் அண்ட் டிரேடாகத் திரும்பி வந்தது வாலஸும் சக்கி அட்கின்ஸும். வயிறு எரிந்திருக்கும் டெட்ராய்ட்காரர்களுக்கு. கணுக்கால் காயத்தால் ஹில் அடுத்த நாலு சீசனில் மொத்தம் 47 ஆட்டம் ஆடினான். வாலஸ் நாலு முறை டிஃபன்ஸிவ் பிளேயர் ஆஃப் தி இயர், ஒரு சாம்பியன்ஷிப், 2021-இல் ஹால் ஆஃப் ஃபேம். டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆள். வாழ்நாள் சராசரி 5.7 புள்ளி, ஃப்ரீ த்ரோ 41.4 சதவீதம், அவன் ஃப்ரீ த்ரோ போடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். புள்ளியை மட்டும் பார்த்து விலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

இங்கேதான் தளத்தின் குறையும். பாக்ஸ் ஸ்கோரில் பதிவாவதை வைத்துத்தான் பிபிஎம் கணக்குப் போடுகிறது, டிஃபன்ஸ் விஷயத்தில் அது பலவீனம் என்று விளக்கப் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார்கள், நேர்மை. ஆனால் அந்த விளக்கத்தை யார் படிக்கிறார்கள்? எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து "பார், இவன் 2.1, அவன் 1.8, இவன்தான் பெரியவன்" என்கிறார்கள். என் அண்ணன் உட்பட. மூலையில் நின்று ஓர் எதிராளியைத் தன்னோடு கட்டிப்போட்டவனுக்கு எந்தக் கட்டத்திலும் ஒன்று விழாது.

டோபியஸ் ஹாரிஸ் பக்கத்தைப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஐந்து வருடத்துக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம், ஊரே திட்டியது. 2024 பிளே ஆஃபில் நியூயார்க் நிக்ஸோடு கடைசி ஆட்டத்தில் பூஜ்யம் புள்ளி. அவனை எங்கள் புதிய நிர்வாகி டிரேஜன் லாங்டன் இரண்டு வருடத்துக்கு 5.2 கோடிக்குக் கூட்டிவந்தபோது நான் போட்ட மெசேஜ்களை அண்ணன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். கூடவே மாலிக் பீஸ்லி ஒரு வருடம் 60 லட்சம் டாலருக்கு. டிம் ஹார்டவே ஜூனியரை எடுத்துக்கொள்ள டாலஸே மூன்று இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை சேர்த்துக் கொடுத்தது, நாங்கள் கொடுத்தது குவென்டின் கிரைம்ஸை. கோச்சுக்கு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். ஒரு பெயரும் போஸ்டரில் போடுகிற பெயர் இல்லை.

டிராஃப்டும் கைகொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து லீக்கிலேயே மோசமான டீம், இரண்டு வருடமும் டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்கிற குலுக்கலில் ஐந்தாவது இடத்துக்கு விழுந்தோம். 2019-லிருந்து கடைசி மூன்று டீமுக்கும் முதலிடம் கிடைக்கிற வாய்ப்பு ஒரே மாதிரி 14 சதவீதம், ஆகவே வேண்டுமென்றே தோற்று மேலே வரலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு என் அனுதாபம். முதல் இடங்களில் கிடைத்தால் மட்டும் என்ன? 2003-இல் இரண்டாவது ஆளாக டார்க்கோ மிலிசிச்சை எடுத்தோம். மூன்று, நான்கு, ஐந்து: கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். இதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

2024-25 சீசன் பக்கத்தைத் திறந்தால் 44-38. முந்தைய வருடம் 14-68. பீஸ்லி 319 மூன்று புள்ளி போட்டிருக்கிறான், லீக்கில் இரண்டாவது, முதலிடத்தில் இருந்த ஆந்தனி எட்வர்ட்ஸைவிட ஒன்றே ஒன்று குறைவு. கேடுக்கு 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட், முதல் ஆல் ஸ்டார், சீசனின் சிறந்த பதினைந்து பேரில் ஓர் இடம் (ஆல்-என்பிஏ மூன்றாம் டீம்). அசிஸ்ட் 7.5-லிருந்து 9.1 ஆனதற்கு அவன் பாஸ் போடக் கற்றுக்கொண்டது பாதிக் காரணம், பாஸ் வாங்கினவன் அதைக் கூடைக்குள் போட்டது பாதி. நான் விற்கச் சொன்ன அதே பையன்தான்.

ஆக தோற்றுக்கொண்டே இருக்கிற டீமின் ரசிகர்களுக்கு இந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், உங்கள் நல்ல ஆளின் பக்கத்தை மூடிவிட்டு அவனோடு நிற்கிற நால்வரின் பக்கத்தைத் திறங்கள். போனில் வேண்டாம், அட்டவணைகள் அகலம், விரலால் இழுத்து இழுத்துப் பெயர் எங்கே எண் எங்கே என்று தொலைந்துவிடும். லேப்டாப் நல்லது. ஒரு சீசனுக்கு மேல் பின்னால் போனால் நேரம் போவது தெரியாது, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத் திறக்காதீர்கள்.

அந்த அரை நட்சத்திரம். 2025 ஏப்ரல், நிக்ஸோடு முதல் சுற்று, டெட்ராய்டில் நாலாவது ஆட்டம். நமக்கு ஞாயிறு இரவு. 94-93 பின்னால் இருக்கிறோம், கடைசி வினாடி, கேட் எறிந்தது தவறி, பந்து மூலையில் ஹார்டவே கைக்கு வருகிறது, அவன் எறிய எழும்பும்போது ஜோஷ் ஹார்ட் வந்து மோதுகிறான். விசில் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு நடுவரே அது ஃபவுல்தான் என்று ஒப்புக்கொண்டார், மூன்று ஃப்ரீ த்ரோ வந்திருக்க வேண்டும். தூக்கம் வராமல் ராத்திரி ஒரு மணிக்கு அந்த பாக்ஸ் ஸ்கோரைத் திறந்து பார்த்தேன். ஹார்டவே பெயருக்கு நேரே, தவறிய மூன்று புள்ளி எறிதல்களோடு இன்னும் ஒன்று கூடியிருந்தது.