காற்றுக்கு வேலை கொடுங்கள்: விண்ட் வேக்கரோடு இருபது வருடம்

நின்டெண்டோவின் செல்டா வீடியோ கேம் வரிசையில் வந்த தி விண்ட் வேக்கரை இப்போது நான்காவது தடவையாக விளையாடியிருக்கிறேன். முதல் இரண்டு தடவை பழைய கேம்க்யூப் கன்சோலில், அப்புறம் வீ யூ கன்சோலில் வந்த ஹெச்டி பதிப்பில், இந்தத் தடவை ஸ்விட்ச் 2-ல். இதில் இரண்டாவது தடவை விளையாடியதற்குக் காரணம் ஆசை கூட இல்லை, பாதிக் கடல் தாண்டி மெமரி கார்டில் சேமித்து வைத்திருந்த என் ஆட்டத்தின் மேல் தம்பி அவனுடைய ஆட்டத்தைச் சேமித்துவிட்டான், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த கேம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அதனால்தான் இதில் எனக்கு இத்தனை குறை. பிடிக்காத கேம் என்றால் ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் போயிருப்பேன்.

தோற்றத்தைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000-ல் ஜப்பானில் நடந்த ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் காட்டிய டெமோவில் நாயகன் லிங்க் நிஜ மனிதன் மாதிரி வாள் சுழற்றினான், அடுத்த வருடம் அதே கண்காட்சியில் பெரிய கண்ணும் சின்ன உடம்புமாக ஒரு கார்ட்டூன் பையன் வந்து நின்றான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இன்று பார்த்தால் அந்தக் காலத்தில் 'நிஜம்' என்று வாய் பிளந்து பார்த்த பல கேம்கள் மங்கிப்போய்விட்டன, இந்தப் பையன் மட்டும் அப்படியே இருக்கிறான்.

கடலுக்கு வருவோம். இந்தக் கேமில் லிங்க் பாய்மரப் படகில் தீவு தீவாகப் போக வேண்டும். மொத்தம் 7-க்கு 7, 49 கட்டம், கட்டத்துக்கு ஒரு தீவு. 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான நாளிலிருந்து இந்தக் கடலைப் பற்றி எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: பெரிசு, மெதுவாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. நானும் ரொம்ப நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றின் திசையை மாற்ற வேண்டுமென்றால் இசைக்குழு நடத்துநர் பிடிப்பது மாதிரியான இசைக்கோலை எடுத்து, மேல், இடது, வலது என்று மூன்று தட்டு தட்டி, லிங்க் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்துக் காட்டும்வரை காத்திருந்து, எட்டுத் திசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் காற்று திரும்பும். பத்து நிமிடம் போய் ஒரு தீவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டுமா, மறுபடி கோல், மறுபடி மூன்று தட்டு. இது போதாதென்று பொருள்களை வைத்துக்கொள்ள எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றே பட்டன். கடலில் பாய் வேண்டும், கோல் வேண்டும், கொக்கி வேண்டும், பீரங்கிக்குக் குண்டு வேண்டும். நாலு பொருள், மூன்று பட்டன். சுறா துரத்தும்போது மெனுவைத் திறந்து பொருள் மாற்றிக்கொண்டிருப்பதை வீரம் என்று எப்படிச் சொல்வது.

இதற்கு 2013-ல் வந்த ஹெச்டி பதிப்பு ஒரு மருந்து கொடுத்தது. விண்ட்ஃபால் தீவில் நடக்கும் ஏலத்தில் வேகப் பாய் ஒன்று கிடைக்கும். அதை விரித்தால் படகு இரண்டு மடங்கு வேகம், எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றும் கூடவே திரும்பி முதுகிலேயே வீசும். கிடைத்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, கோலைக் கையில் எடுத்தே பல நாள் ஆகிவிட்டது. கேமின் ஜப்பானியப் பெயருக்கே 'காற்றின் இசைக்கோல்' என்றுதான் பொருள். பெயரிலேயே காற்றை வைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவே வேண்டாத நிலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கடல் ஒரு பெரிய நெடுஞ்சாலை ஆகிவிட்டது, நான் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த நான்காவது தடவை, வேகப் பாய் இல்லாத பழைய பதிப்பில் மறுபடி உட்கார்ந்தபோது ஒன்று தெளிவானது. மெதுவாகப் போவது பிரச்சினையே இல்லை. மெதுவாகப் போகிற நேரத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லாததுதான் பிரச்சினை. காற்றைத் திருப்பிவிட்டால் அப்புறம் கட்டை விரலை எடுத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், படகு நேராகப் போய்க்கொண்டேயிருக்கும். காற்று முதுகில் இருந்தால் வேகம், முகத்தில் அடித்தால் பாய் துவண்டுபோய் நத்தை வேகம், இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொள்வதற்கு எதுவும் கிடையாது. நிஜப் பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போக முடியாதுதான், ஆனால் காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் ஏறி, திரும்பி மறு பக்கம் ஏறி, குறுக்கும் மறுக்குமாக வளைந்து வளைந்து காற்று வரும் திசைக்கே போய்ச் சேர்ந்துவிடும். பாயை எவ்வளவு இழுத்துக் கட்டுவது, எப்போது தளர்த்துவது, சுக்கானை எப்போது திருப்புவது என்பதுதான் அதில் இருக்கிற வித்தை. இதை இந்தக் கேமில் கொண்டுவந்தால் போதும், பாதிப் புகார் ஓடிவிடும். சோம்பேறிகளுக்குக் கோல் இருக்கட்டும், தட்டித் திருப்பிக்கொள்ளட்டும். கோலைத் தொடாமல் எதிர்காற்றில் ஏறிப் போகிறவனுக்கு அதுவே ஒரு விளையாட்டாக இருக்கும். கோல் தட்டிய பிறகு வரும் அந்த ஒத்திகைக் காட்சியை மட்டும் தயவுசெய்து தாண்டவிடுங்கள்.

காற்றும் கொஞ்சம் சுயபுத்தியோடு இருக்கலாம். இப்போது நாம் எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே ஒரே வேகத்தில் வீசிக்கொண்டு நிற்கிறது, மின்விசிறி மாதிரி. தமிழில் வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருப்பதே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பதால்தானே. ஒன்று மழை கொண்டுவரும், ஒன்று சுடும், ஒன்று குளிரும். கேமில் எட்டுத் திசை இருக்கிறது, குணம் ஒன்றுக்கும் இல்லை. வடக்கே திருப்பினால் மேகம் கூடும், கிழக்கே திருப்பினால் அலை உயரும் என்று இருந்தால், எந்தக் காற்றைக் கூப்பிடுவது என்பதே ஒரு முடிவாகிவிடும். மழையும் இடியும் இந்தக் கேமில் ஏற்கெனவே இருக்கிறது, அலை எழும்பித் தணிவதும் இருக்கிறது, அதெல்லாம் நாம் செய்கிற எதோடும் ஒட்டாமல் தன் பாட்டுக்கு வந்து போகிறது.

சுழற்காற்றில் ஏறி வேறு இடத்துக்குத் தாவும் பாட்டு பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள, கடலில் சுற்றும் சூறாவளிக்குள் மாட்டிக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சைக்ளோஸ் என்கிற காற்றுத் தேவன் மேல் மூன்று அம்பு எய்ய வேண்டும். வில்லோ கதையின் நடுவில் வரும் டவர் ஆஃப் தி காட்ஸ் என்கிற கோபுரத்துக்குள்தான் கிடைக்கும். அதுவரை ஒரே வழி, பாயை விரித்துப் போவதுதான். இது சரியான முடிவு என்று நினைக்கிறேன், முதலிலேயே கொடுத்திருந்தால் கடலின் அளவு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆரம்பத்தில் நம்முடைய பேசும் படகு நம்மை வேறு பக்கம் திரும்பவிடாமல் 'முதலில் கிழக்கே போ' என்று இழுத்து நிறுத்துகிறதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. எண்பது ரூபி கொடுத்து (ரூபி என்பது கேமுக்குள் புழங்கும் கற்காசு) பாய் வாங்கியாயிற்று, கண்ணுக்கு எட்டியவரை கடல் விரிந்து கிடக்கிறது, அந்த நேரம் பார்த்து வாத்தியார் வேலை.

படகைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. (கதையின் நடுவில் வரும் விஷயம் ஒன்றைச் சொல்லப்போகிறேன். இருபது வருடத்துக்கு மேலான கேம்தான், இருந்தாலும் வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) கிங் ஆஃப் ரெட் லயன்ஸ் என்கிற அந்தப் பேசும் படகு, தீவில் இறங்கும்போதும் ஏறும்போதும் பேசுகிறது, நடுக்கடலில் பெரும்பாலும் வாய் திறப்பதே இல்லை. அவர் உண்மையில் யார் என்று தெரிந்த பிறகு இது இன்னும் உறுத்துகிறது. அவர் மூழ்கிப்போன தன் ராஜ்ஜியத்துக்கு மேலேதானே மிதந்துகொண்டிருக்கிறார். நாம் கடந்து போகும் தண்ணீருக்கு அடியில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று கட்டத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், 49 வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். சிலர் கடலுக்கு அடியில் அந்த ராஜ்ஜியமான ஹைரூல் முழுவதையும் சுற்றவிட வேண்டும் என்று கேட்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே இறங்கும் அந்தக் கொஞ்ச நேரம் மனதில் நிற்பதே, அதற்கு மேல் போகவிடாமல் கதவு மூடியிருப்பதால்தான்.

தீவுகள் விஷயத்தில் மட்டும் எனக்கு உண்மையாகவே கோபம். 49-ல் ஆறு தீவுகள் தீவே இல்லை, பாறைத் திட்டுகள். பகடையின் ஆறு முகம் மாதிரி ஒரு கண், இரண்டு கண் என்று ஆறு கண் வரைக்கும் பெயர் வைத்து, நடுவில் பீரங்கிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வேடிக்கையாக இருக்கும். நான்காவதில் ஆளே இல்லாத அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கும். நீர்மூழ்கிகளும் அப்படித்தான், ஏணியில் இறங்கினால் அதே மாதிரி அறை, நாலு எலி அல்லது நாலு எதிரி, ஒரு பெட்டி. கடலுக்கு அடியிலிருந்து புதையல் இழுக்கவென்றே 41 வரைபடங்கள் சேர்க்கலாம், அதில் பலவற்றில் வருவது 200 ரூபிக்கான வெள்ளிக் கல். பை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதுவும் தண்ணீரில் கரைத்த மாதிரிதான். கொக்கி மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறி, இசை உச்சத்துக்குப் போய், கடைசியில் ஒரு கல். சில்லறைக்குப் பதில் ஒரு உடைந்த கோப்பை, ஒரு பழைய கொடி, யாரோ எழுதிய கடிதத் துண்டு என்று கீழே இருந்த உலகத்தைப் பற்றி ஏதாவது சொல்லும் பொருள் வந்திருந்தால், 41-யும் தேடித் தேடி எடுத்திருப்பேன்.

இதற்கு நேர் மாறாக மீன் மனிதன். ஒவ்வொரு கட்டத்திலும் துள்ளிக் குதிக்கும் அவனுக்கு இரை போட்டால் அந்தக் கட்டத்தின் படத்தைத் தூரிகையால் வரைந்து தருவான், கூடவே ஒரு துப்பும் சொல்வான். 49 கட்டத்தையும் இப்படி ஒவ்வொன்றாக நிரப்பியதுதான் எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்த வேலை. அவன் சொன்ன துப்புகள் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டால் நன்றாக இருக்கும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, கையெழுத்துதான் எனக்கே புரியவில்லை.

டிரைஃபோர்ஸ் என்கிற புனித முக்கோணத்தின் துண்டுகளைத் தேடும் படலத்தைத் திட்டாதவர்கள் இல்லை. பழைய பதிப்பில் எட்டு வரைபடம், ஒன்றுக்காகப் பேய்க் கப்பலில் ஏற வேண்டும், ஒன்றுக்காக அவுட்செட் தீவுக்கு அடியில் முப்பது தளம் சண்டை போட்டு இறங்க வேண்டும். எடுத்தாயிற்றா, அதைப் படித்துச் சொல்ல டிங்கிள் என்கிற ஆளுக்கு ஒவ்வொன்றுக்கும் 398 ரூபி அழ வேண்டும். எட்டுக்கும் கணக்குப் போட்டால் 3184. அதற்கு அப்புறம்தான் துண்டை இழுக்கவே போக முடியும். ஹெச்டியில் ஐந்து துண்டுகளை வரைபடமே இல்லாமல் நேரடியாக எடுக்கும்படி மாற்றி, மூன்றுக்கு மட்டும் டிங்கிளிடம் அனுப்பினார்கள். இது சரியான திருத்தம், இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கிரேட்ஃபிஷ் தீவுதான் இன்னும் வலிக்கிறது. கதைப்படி சேர்க்க வேண்டிய மூன்று முத்துகளில் முதல் இரண்டுக்கும் முழு முழு டஞ்சன்கள் (புதிரும் எதிரியும் நிறைந்த அறைகள்). மூன்றாவதற்காக இங்கே வந்தால் தீவு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது, விடியாத இரவு, நிற்காத மழை. அடடா, இனிமேல்தான் ஆட்டம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வேறு இடத்தில் ஒளிந்திருக்கும் ஜாபூன் என்கிற பெரிய மீனைப் போய்ப் பார், அவர் பேசுவார், முத்து கொடுப்பார், முடிந்தது. நேரம் போதாமல் சில டஞ்சன்களை வெட்டியதை இயக்குநர் எய்ஜி அவோனுமாவே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார், வெட்டியவற்றை வேறு கேம்களில் பயன்படுத்திவிட்டதாகவும் சொன்னார். பழையது வேண்டாம், புதிதாக ஒன்று செய்யுங்கள். உடைந்த தீவு, இரவு, மழை, எல்லாம் தயாராக இருக்கிறது, உள்ளே போகக் கதவுதான் இல்லை.

சண்டை சுலபம், எதிரி அடிக்க வரும்போது ஏ பட்டனைச் சரியான நொடியில் தட்டினால் லிங்க் புரண்டு பின்னால் போய் வெட்டிவிடுகிறான், இதயமும் தாராளமாகக் கொட்டுகிறது. ஹெச்டியின் ஹீரோ மோடில் அடி இரண்டு மடங்கு, இதயம் கிடையாது, அதுதான் எனக்குச் சரியாகப்பட்டது.

ஆனால் அந்த ஹெச்டி இப்போது எங்கே? வீ யூவின் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. ஸ்விட்ச் 2-ல் 2025 ஜூன் முதல் சந்தாவோடு கிடைப்பது பழைய கேம்க்யூப் பதிப்புதான். ஆக இன்றைக்கு முதல்முறையாக இந்தக் கடலில் இறங்குகிற ஒரு சின்னப் பையனுக்குக் கிடைப்பது, எட்டு வரைபடமும் மூன்று பட்டனும் உள்ள பதிப்பு. திருத்தியது பழைய கன்சோலோடு போய்விட்டது. சான்றுக்குப் புகைப்படம் ஒன்றே போதும்: பழையதில் கேமராவில் மூன்று படம்தான் நிற்கும், ஹெச்டியில் பன்னிரண்டு. படம் எடுத்துக் காட்டினால் சிற்பி செய்து தரும் 134 பொம்மைகளையும் வாங்குவதற்கு மூன்று படத்தோடு தீவுக்கும் சிற்பிக்கும் நடையாய் நடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

நான் இந்தத் தடவை 61 பொம்மையோடு நிறுத்திவிட்டேன். கேமை முடித்த பிறகு திறக்கும் இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன், அதில் லிங்க் பச்சை உடைக்கு மாறாமல் சிங்கி இறால் படம் போட்ட நீலச் சட்டையிலேயே கடைசிவரை சுற்றுவான், கலர் கேமராவும் முதலிலேயே கையில் இருக்கும். படகு இப்போது விண்ட்ஃபாலில் நிற்கிறது. கிழக்கே போகச் சொல்கிறது படகு.