சப்ளிமென்ட் கடையில் 18,600 ரூபாய் போனது: பளுதூக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கை நடுங்கும் கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஜிம் பையன்களுக்கு புரோட்டீன் டப்பா விற்கும் கடை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலூர் பக்கம். எங்கள் பக்கத்துப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய பிறகு இங்கே தெருவுக்கு நாலு பையன்களுக்கு பார்பெல் ஆசை. என் தம்பியும் அதில் ஒருவன். ஸ்டேட் மீட்டுக்கு, அதாவது மாநிலப் போட்டிக்கு, தயாராகிக்கொண்டிருந்தான். அவனுக்காக அம்மா ஏலச்சீட்டு எடுத்துக் கொடுத்த பணம்தான் அந்த 18,600 ரூபாய்.

கடைக்காரர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயமே, "இதில் ஊக்கமருந்து எதுவும் இல்லையே? பையன் போட்டிக்குப் போகிறவன்" என்பதுதான். அவர் உடனே சேரை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். சுவரில் மெடலோடு நிற்கும் பையன்களின் போட்டோக்களைக் காட்டினார். "அண்ணே, இவங்க எல்லாம் நம்ம கடைப் பசங்க. தம்பி டோப் டெஸ்ட்ல மாட்டினா எனக்குத்தானே கெட்ட பேரு?" என்றார். போனில் ஏதோ லேப் ரிப்போர்ட்டைத் திறந்து 'பாஸ்' என்ற இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தம்பியிடம் ஸ்னாட்ச், ஜெர்க் என்ற இரண்டு தூக்கிலும் எத்தனை கிலோ என்று கேட்டு, சொந்த அண்ணன் மாதிரி தோளைத் தட்டினார். பில் கேட்டபோது மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'நியூட்ரிஷன் ஐட்டம் – 18,600'. கடை முத்திரையும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடரைத் தம்பி குடிக்க ஆரம்பித்ததும் நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. கோச் சார் எல்லா டப்பாவையும் எடுத்துவரச் சொன்னார். பவுடர் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் 'ஜெரேனியம் சாறு' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மெத்தில்ஹெக்சேன்அமீன் என்ற தடை செய்யப்பட்ட பொருளை இந்தப் பெயரில் ஒளித்து விற்பது பழைய வித்தையாம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் நைஜீரிய ஓட்ட வீராங்கனை ஓலுதமோலா 100 மீட்டர் தங்கத்தைப் பறிகொடுத்தது இதே பொருளால்தான்.

அப்புறம் கேப்சூல் பாட்டில். மீட்டுக்கு நாலு வாரம் முன்னால்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் அதை இன்னும் திறக்கவில்லை. லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. கோச் சார் நகத்தால் கீறி உரித்தார். 'ரெக்கவரி ஃபார்முலா' என்ற ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு லேபிள்: 'எம்.கே. 2866'. கீழே, 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல'.

எம்.கே. 2866 என்பது ஆஸ்டரின். ஸ்டீராய்டு மாதிரி தசையை ஏற்றும் மருந்து. போட்டி நாள், பயிற்சி நாள் என்ற வித்தியாசமே இல்லாமல் எப்போதும் தடை. சிக்கினால் 4 ஆண்டுத் தடை வரை போகும். "கடையில் கொடுத்தார்கள், எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னால் நாடா, அதாவது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, விடாது. வீரரின் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரர்தான் பொறுப்பு என்பது சட்டம். அன்றைக்குத் தப்பித்தாலும் மாதிரியைப் பத்திரப்படுத்தி 10 ஆண்டு வரை மறுபடி சோதிக்கலாம். கஜகஸ்தானின் பளுதூக்கும் வீரர் இலியா இலின் 2008, 2012 இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும் 2016இல் அப்படித்தான் இழந்தார். ஸ்டீராய்டு கேஸ்களால் ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கும் விளையாட்டு இது. நேர்மையாகத் தூக்கும் பையனையும் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கிறது. தெரிந்தே இதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பவனை என்னவென்று சொல்வது?

பவுடர் உள்ளே போயிருந்ததால் இந்த மீட் வேண்டாம் என்று கோச் சார் சொல்லிவிட்டார். தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைக்குப் போனால் முதலில் "ஓனர் ஊர்ல இல்ல". போனில் பிடித்தால் "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது". பாட்டிலின் சீலை உடைக்கவே இல்லை என்றேன். "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்களே" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கேளுங்கள் என்றார், நம்பர் கேட்டால் தரவில்லை. கடைசியில், "எல்லாப் பசங்களும் இதத்தான் சாப்பிடறாங்க, நாடா என்ன உங்க வீட்டு வாசல்லயா வந்து நிக்குது?" என்றார். வந்து நிற்கும், ஐயா. போட்டி இல்லாத நாளிலும் சோதனைக்கு வருவார்கள். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 18,600 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

என்ன பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் வாங்காதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஊக்கமருந்து இருக்கிறதா என்று சோதித்துத் தரும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை இருந்தால் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், கடைக்காரர் போனில் காட்டுவதை நம்ப வேண்டாம். கோச் பார்க்காமல் எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தாயிற்று, உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். அடியில் இருக்கும் லேபிளோடு படம் எடுத்து, பாட்டிலை அப்படியே வைத்திருங்கள். சாட்சிக்கு வேண்டும்.