‘பிரஷர்’ என்ற சொல்லின் வேரைக் காட்டிய அகராதி: எட்டிமான்லைன் குறித்து ஒரு மதிப்புரை

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பாட்டிக்குப் பிரஷர் என்கிறார்களே, குக்கரிலும் பிரஷர் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு மாணவி கேட்டாள். விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம் என்று கரும்பலகையில் எழுதி, இரத்தம் நாளச் சுவரைத் தள்ளுவதும் நீராவி மூடியைத் தள்ளுவதும் அதுவே என்று விளக்கினேன். ‘வேலையில் பிரஷர்’ என்பது மட்டும் எப்படி வந்தது என்று அவள் தொடர்ந்தபோது, அறிவியலிலிருந்து உவமையாக எடுத்திருப்பார்கள் என்று ஊகமாகச் சொல்லிவிட்டேன். அது தவறு என்பதை அன்றிரவு எட்டிமான்லைன் காட்டியது.

அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கித் தொகுத்த இந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சொல்லை உள்ளிட்டால் அதன் வரலாறு ஒன்றிரண்டு பத்திகளில் கிடைத்துவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பிரஷர் குறித்தது மனத்தை வாட்டும் துன்பத்தை; பொருளைக் கையால் அமுக்குவது என்ற பொருள் அதற்குப் பிறகே பதிவாகிறது. அறிவியல் பொருளோ, இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் எடையைக் காட்டிய அதே 17ஆம் நூற்றாண்டில்தான் அமைகிறது. பழைய பிரெஞ்சில் இச்சொல் வேதனையையும் திராட்சை பிழியும் பொறியையும் ஒருங்கே குறித்தது என்ற செய்தியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். செக்கில் எள் நசுங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

அமுக்குதலைக் குறிக்கும் ‘பிரெமெரெ’ என்ற இலத்தீன் வினையே இதன் மூலம். பிரின்ட், எக்ஸ்பிரஸ், கண்டிப்பைக் குறிக்கும் ரெப்ரிமாண்ட் ஆகியவையும் அதே வினையிலிருந்து கிளைத்தவை என்பதை இணைப்புகளைத் தொடர்ந்தே அறிந்துகொள்ளலாம். பழைய நூல்களின் மேற்கோள் வாக்கியங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குத்தான் செல்ல வேண்டும். பள்ளி ஆசிரியருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ இதன் சுருக்கமே பெரிய உதவி என்பது என் கருத்து.

மறுநாள் அம்மாணவியிடம் என் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினேன். பிறகு வகுப்பில், சேற்றில் அழுந்துவதற்கும் துன்பத்தில் அழுந்துவதற்கும் நம் மொழியும் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறது என்று சொன்னபோது, தானாகவே ‘மன அழுத்தம்’ என்று முணுமுணுத்தாள்.