சத்தம் போட்டது நல்ல ஃபேன்: ரிச்சி தெருவில் என் கேமிங் லேப்டாப்பைச் சரிசெய்த கடை

நான்கு வருடமாக வைத்திருக்கும் கேமிங் லேப்டாப். ப்ராசஸர் (சிபியு) இன்டெல் ஐ7-10750ஹெச், கிராஃபிக்ஸ் சிப் (ஜிபியு) ஜிடிஎக்ஸ் 1660 டிஐ. இந்த வெயில் காலம் தொடங்கும் வரை அதைப்பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம்தான் கேமைத் திறந்த ஐந்தாவது நிமிடமே பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்கு இரைச்சல், கூடவே லேப்டாப்பை ஆன் செய்யும்போது சில நாள் கரகரவென்று ஒரு சத்தம், சில நாள் அது இல்லை. பத்து நிமிடத்தில் படம் விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும்.

வலதுபக்க ஃபேன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு ஃபேனும், சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட் பைப்பும் சேர்ந்த மொத்த யூனிட்டையும் மாற்ற வேண்டும், 9,800 ரூபாய், பத்து நாள் ஆகும், பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். என் வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது, பத்து நாள் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. வலது ஃபேன் நிமிடத்துக்கு 5,400 சுற்று. இடது ஃபேன், அதாவது சிபியு பக்கத்து ஃபேன், சில நேரம் 1,900, சில நேரம் பூஜ்ஜியம். சிபியு சூடு 97 டிகிரி. சூடு நூறை நெருங்கும்போது சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் விட்டுவிட்டு ஓடியது அதனால்தான். பல கேமிங் லேப்டாப்களில் ஹீட் பைப் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது, ஒரு ஃபேன் படுத்துவிட்டால் மற்றது இரண்டின் சூட்டையும் சுமக்கும். என்னுடையதும் அப்படித்தான். இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது ஒழுங்காக வேலை செய்த ஃபேன், கெட்டுப்போனது சத்தமில்லாமல் அவ்வப்போது நின்றுபோய்க்கொண்டிருந்தது. உங்கள் லேப்டாப்பும் கத்தினால் கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு ஃபேனின் எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

நண்பர் சொல்லி சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன கடைக்குப் போனேன். இரண்டு பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும், உட்கார நாற்காலி கிடையாது. ஆனால் வேலை நம் கண் முன்னால் நடக்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுதான் இந்தக் கடையின் பெரிய பலம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன். “பாஸ்வேர்டெல்லாம் வேண்டாம் தம்பி, ஆன் பண்ணும்போது நீங்களே போடுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்தார். பிறகு இரண்டு ஃபேனையும் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். வலது ஃபேன் வழுக்கிக்கொண்டு பல சுற்று சுற்றியது. இடது அரைச் சுற்றில் உரசி நின்றது. “பேரிங் காஞ்சிருச்சு” என்றார், ஃபேனின் அச்சைத் தாங்கும் பகுதி அது. ஆனால் உடனே புது ஃபேன் விலை சொல்லவில்லை. மதர்போர்டில் அந்த ஃபேனின் சாக்கெட் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்று நல்ல ஃபேனைக் கழற்றி, அதன் வயரைக் கெட்ட ஃபேனின் சாக்கெட்டில் சொருகி சில நொடி மட்டும் ஆன் செய்து பார்த்தார். சுற்றியது, போர்டு தப்பித்தது. இதைச் செய்யாமல் ஃபேனை மாற்றி, கோளாறு போர்டில் இருந்திருந்தால் பணம் வீண்தானே.

அடுத்துத் தூசி. ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருந்தது, சாமணத்தால் முழுசாக உரித்து எடுத்தார். நான் மாதாமாதம் வெளியிலிருந்து ஊதிக்கொண்டிருந்ததில் அது போகவே இல்லை, ஃபேனைக் கழற்றினால்தான் கைக்கு வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டார், காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும் என்றார்.

புது ஃபேனுக்கு வேறொரு கடைக்கு ஆள் அனுப்பினார். முதலில் வந்தது பார்க்க அதே உருவம், ஆனால் ஸ்டிக்கரில் 12 வோல்ட், என்னுடையது 5 வோல்ட். திருப்பி அனுப்பி, பழைய ஃபேனில் இருந்த பார்ட் நம்பரைக் காட்டிச் சரியானதை வரவழைத்தார். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் மாடல் பெயரை மட்டும் நம்பாமல் அந்த நம்பரையும் வோல்ட்டையும் பாருங்கள், சிபியு ஃபேனும் ஜிபியு ஃபேனும்கூட வேறு வேறு.

சிப்பின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்த நடுவில் தடவும் பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைத்து ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 என்ற புது பேஸ்ட் போட்டு, ஹீட் சிங்க்கில் அச்சடித்திருந்த 1, 2, 3 எண் வரிசைப்படியே ஸ்க்ரூக்களை முறுக்கினார். பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் கேட்டேன், இல்லை என்றார். அது 45 டிகிரி வாக்கில் இளகிப் படிந்துகொள்ளும், பேஸ்ட் மாதிரி சீக்கிரம் ஓரத்துக்கு ஒதுங்காது, கடையில் வைத்திருந்தால் நன்றாக இருக்கும்.

மொத்தம் இரண்டரை மணி நேரம், 1,950 ரூபாய். ஃபேன் 1,150, மீதி கூலியும் பேஸ்டும். பில் என்று ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தார், ஃபேனுக்கு ஒரு மாத வாரண்டி என்பதும் வாய்வார்த்தை. கேட்டபோது சீட்டிலேயே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதனால் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்மூடியில் ஒரு ஸ்க்ரூ குறைந்தது, இது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்தவர் கடைசியில் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

மூன்று மாதம் ஆகிறது. அதே கேமில் சிபியு 85 டிகிரிக்குள் நிற்கிறது, இரண்டு ஃபேனும் 4,300 சுற்றை ஒட்டி ஒன்றாக ஓடுகின்றன, கரகர சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. சத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன், கேமிங் லேப்டாப்பில் காற்று இரைச்சல் இருக்கத்தான் செய்யும், ஹெட்போன் போட்டால் கேட்காத அளவு அது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போவதானால் காலை பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டத்தில் அவரால் இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.