அசோசியேஷன் ரூல்ஸை கண்டுக்கலையா: ஓட்டா, கோர்ட்டா?

அபார்ட்மென்ட் அசோசியேஷன் ரூல் புக்ல எல்லாம் இருக்கு, ஆனா யாராவது ரூலை மீறினாலும் கமிட்டி அசையவே மாட்டேங்குதுன்னா முக்கியமா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உள்ளயே போராடுறது, எந்த ரூல் மீறினாங்க, என்னைக்குன்னு போட்டோவோட எழுத்துல புகார் குடுத்து, பதில் வரலைன்னா பைலா (அசோசியேஷனோட சட்டதிட்டம்) கேக்குற அளவு கையெழுத்து வாங்கி சிறப்புக் கூட்டம் கூட்டி, கடைசியில ஓட்டுப் போட்டு கமிட்டியையே மாத்தலாம். செலவு கம்மி, ஆனா மத்த வீட்டுக்காரங்களும் கூட நிக்கணுமே, அதுதான் பாடு.

கோர்ட்டுன்னா தனி ஆளா போகலாம், பல இடங்கள்ல ரூலை மீறினவர் மேலயே நேரா கேஸ் போடலாம். ஆனா வக்கீல் ஃபீஸ் இருக்கு, இழுத்தடிக்கும், அசோசியேஷன் மேல போட்டா அவங்க வக்கீலுக்குப் போறதும் நம்ம மெயின்டனன்ஸ் காசுதான்.

நான் முதல்ல ஓட்டு வழிதான் சொல்லுவேன், அந்தப் புகார் காப்பியே நாளைக்கு கோர்ட்டுல ஆதாரம். ஆனா வருஷக்கணக்கா சும்மா இருந்துடாதீங்க, "இத்தனை நாள் விட்டீங்களே"ன்னு எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும்.